வாயில் மிட்டாய், கையில் வாளி

ஜூலை 6

என்னோடு போனில் பேசாத என் அன்புத் தங்கைக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. (அவளுக்குத் தெரியும், அது வேறு விஷயம்.) போன வாரம் என் வகுப்பு ஒன்றைச் செல்போனில் பதிவு செய்தேன். ஞாயிறு மத்தியானம் சோபாவில் சாய்ந்துகொண்டு அதைப் போட்டுப் பார்த்தேன். குழாயில் ஓடும் தண்ணீருக்கு உராய்வினால் ஏற்படும் இழப்பு. எனக்கு உயிரான பாடம். நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தேன். எந்த இடத்தில் என்று தெரியவில்லை, தூங்கிவிட்டேன். விழித்தபோது திரையில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

அதைவிடக் கொடுமை, திரையில் என் முன்னால் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் எனக்கு முன்பே தூங்கிவிட்டிருந்தார்கள்.

சும்மா பொழுது போகாமல் இதைப் பதிவு செய்யவில்லை. எங்கள் துறைத் தலைவரை உனக்குத் தெரியும். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘புள்ளிவிவரம்’. மனிதர் ‘குட்மார்னிங்’ சொன்னால்கூடப் போன வருடத்தைவிடப் பன்னிரண்டு சதவிகிதம் கூடுதலாகச் சொல்லுவார். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தாலே ஏதோ வில்லங்கம்தான்.

“சார், உங்க கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் இருக்கு. ஆள்தான் இல்ல.”

“எல்லாரும் வர்றாங்களே சார்?”

“உடம்பு வருது சார். மத்தது எல்லாம் ஹாஸ்டல்லயே இருந்துடுது.”

ஏதோ ஒரு கம்பெனி ரெடிமேடாகப் பாடங்களைப் பதிவு செய்து விற்கிறதாம். அடுத்த பருவத்திலிருந்து என் பாடத்தை அந்தத் திரையே நடத்துமாம். அப்போது நான் என்ன செய்வது என்று கேட்டேன். பரீட்சை ஹாலில் யார் எங்கே உட்காருவது என்பதைப் பார்த்துக்கொள்ளலாமாம். இருபத்திரண்டு வருடம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் இனிமேல் பெஞ்சில் நம்பர் ஒட்ட வேண்டும்!

நான் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு பருவத்தை வாங்கியிருக்கிறேன். ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ முறையில் நடத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என்னவென்று ஸ்டாஃப் ரூமில் விசாரித்தேன். பெஞ்சுகளைத் திருப்பிப் போடுவது என்று நினைத்திருந்தேன். பாடத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டு வரவேண்டுமாம், வகுப்பில் கணக்குப் போட வேண்டுமாம்.

நீ உன் நர்சிங் காலேஜில் இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறாய். எனக்குச் சொல்லிக்கொடு. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். ‘பேசாதே, எழுது, அதுவும் பேனாவால் எழுது, கை வலித்தாலாவது நிறுத்துவாய்’ என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்

ஜூலை 14

அண்ணா,

கடிதம் வந்தது. சிரித்தேன். சிரித்ததனால் கோபம் போய்விட்டது என்று கணக்குப் போடாதே.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உனக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரியாத மாதிரி நடிக்கிறாயா? எங்கள் காலேஜ் விழாவுக்கு உன்னைப் பேசக் கூப்பிட்டதே நான்தான். அரை மணி நேரம் என்றுதான் சொன்னேன். கரண்ட் போயிற்று. மைக் போயிற்று. நீ போகவில்லை. இருட்டில் நின்று கத்திக்கொண்டே இருந்தாய். விளக்கு வந்தபோது ஹாலில் நீ இருந்தாய், நான் இருந்தேன், எங்கள் பிரின்ஸிபால் இருந்தார். அவர் முழங்கால் வலிக்காரர், இருட்டில் எழுந்திருக்கப் பயம்.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். கரண்ட் போவதற்கு முன் நீ அடித்தாயே ஒரு ஜோக். “வீடியோ போட்டுப் பாடம் நடத்துறவங்க டீச்சர் இல்லை, ஆபரேட்டர்.” முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வருடம் முழுக்கக் கெஞ்சிக் கேட்டு அந்த முறையை அங்கே கொண்டுவந்தவள் நான். ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கும் என் பெயர் ‘ஆபரேட்டரம்மா’. உன் உபயம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நீ வேலையை விட்டுப் பெஞ்சில் நம்பர் ஒட்டப் போனால் அண்ணி பாவம், அதற்காகச் சொல்கிறேன்.

வீடியோ எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம். வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி போடு. அதற்குப் பதிலோடுதான் அவர்கள் வகுப்புக்கு வரவேண்டும். வீடியோவில் சொன்னதை வகுப்பில் திரும்பச் சொல்லக் கூடாது. இதுதான் உனக்குக் கஷ்டம். ஒரு தடவை நீ திரும்பச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரத்திலிருந்து ஒருத்தர்கூட வீடியோ பக்கம் போக மாட்டார்கள். இவர் எப்படியும் சொல்லுவார் என்று விட்டுவிடுவார்கள்.

வீடியோவை எனக்கு அனுப்பாதே. உன்னை நேரில் கேட்ட அலுப்பே இன்னும் தீரவில்லை.

நான்தான்

ஜூலை 29

கருணையே இல்லாத தங்கைக்கு,

எட்டு நிமிடம் என்று சொல்லிவிட்டாய். முதல் வீடியோவில் வணக்கம் சொல்லி, என்னை அறிமுகப்படுத்தி, தண்ணீரின் பெருமையைக் கூறி முடித்தபோது எட்டு நிமிடம் ஆகியிருந்தது. பாடம் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவதில் பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. மூன்றாவதில் முக்கால்வாசி போன பிறகு உன் அண்ணி அறைக்குள் எட்டிப் பார்த்து, “யாரோட பேசிட்டிருக்கீங்க?” என்றாள்.

“பிள்ளைங்களோட.”

“எங்க பிள்ளைங்க?”

“நாளைக்குப் பார்ப்பாங்க.”

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு நானே கூப்பிட்டுக் காமிராவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். போரடித்தால் கையைத் தூக்குவாளாம். எடுத்த வரைக்கும் படம் பூராவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு கையால் காமிரா பிடித்தால் அப்படித்தான் வரும்.

ஆனால் விடவில்லை. ஏழு தடவை எடுத்து, எட்டாவது தடவை எட்டு நிமிடத்துக்குள் முடித்தேன். மேல்தளத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும் கதை. கல்லூரி இணையப் பக்கத்தில் ஏற்றினேன். கீழே கேள்வியும் போட்டேன். ‘மூன்று மாடிக் கட்டடம், தொட்டி உச்சியில். எந்த மாடிக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும்? ஏன்?’

வகுப்புக்குப் போனேன். “வீடியோ பார்த்தீங்களா?” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நாலு நாலு பேராக உட்கார வைத்தேன். கேள்விக்குப் பதில் பேசச் சொன்னேன்.

அமைதி. அப்படி ஓர் அமைதியை நான் என் வகுப்பில் கேட்டதே இல்லை. இத்தனை வருடமும் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது நான்தானே. ஒரு நிமிடம் பொறுத்தேன். சாக்பீஸை எடுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம். மணியடித்தபோது போர்டு நிறைந்திருந்தது, பிள்ளைகள் முகத்தில் பழைய நிம்மதி திரும்பியிருந்தது.

தோற்றுவிட்டேன். ஆனால் வியாழக்கிழமை மறுபடி வகுப்பு இருக்கிறது. வாயை மூட ஏதாவது வழி சொல்.

அண்ணன்

பி.கு.: ஆபரேட்டர் விஷயம். அந்த ஜோக்குக்கு ஹாலில் அவ்வளவு சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் ஜோக்குக்கு அவ்வளவு சிரிப்பு வராதே, வழக்கமாக.

ஆகஸ்ட் 7

அண்ணா,

இதற்குப் பெயர் மன்னிப்பா? ஜோக் நன்றாக இருந்தது என்று எனக்கே எழுதிச் சொல்கிறாய்.

சரி, வாய் விஷயம். வகுப்புக்குள் நுழையும்போது ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள். கடிக்கக் கூடாது. அது கரைகிற வரைக்கும் பேசக் கூடாது. சிரிக்காதே, நான் செய்ததுதான். நமக்கெல்லாம் நாக்கு நீளம், நம் குடும்பத்து வியாதி. கட்டுப் போடும் வகுப்பில் பிள்ளைகள் ஒருத்தி கையில் ஒருத்தி தப்புத் தப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, “இங்க பாரு, இப்படி” என்று பாய்ந்துவிடுவேன். பாய்ந்தால் அவள் கையை எடுத்துவிடுவாள். அப்புறம் நான்தான் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன், அவள் வேடிக்கை பார்ப்பாள். மிட்டாய்க்கு அப்புறம்தான் நின்றது.

அந்த அமைதியைக் கண்டு பயப்படாதே. அது அவர்கள் யோசிக்கிற சத்தம். முதலில் யாராவது ஒருத்தர் தப்பாகச் சொல்வார்கள். அதைத் திருத்தாதே. இன்னொருத்தருக்குப் பொறுக்காது.

உனக்கு மட்டும் சொல்கிறேன், எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கும் எல்லாம் சரியாக நடப்பதில்லை. வகுப்பில் பாதிப் பேர் வீடியோ பார்க்காமல்தான் வருகிறார்கள். வராந்தாவில் நின்று பார்த்தவளிடம் கதை கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். பிரின்ஸிபாலிடம் சொன்னால், “அன்னிக்கே உங்க அண்ணன் சொன்னாரே” என்பார். அதனால் சொல்லவில்லை. இதை வைத்து மேடையில் ஏதாவது ஜோக் அடித்தாய் என்றால் கடிதமும் கிடையாது.

தங்கை

செப்டம்பர் 11

பல் கூச வைத்த தங்கைக்கு,

முதல் வாரமே ஒரு பாக்கெட் மிட்டாய் காலி. உன் அண்ணி சட்டைப் பையைத் துவைக்கப் போட்டுவிட்டு எறும்போடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் நடந்ததைக் கேள்.

வியாழக்கிழமை வாயில் மிட்டாயோடு போர்டில் பழைய கேள்வியையே எழுதினேன். திரும்பி நின்றேன். அமைதி. மிட்டாயை நாக்கால் இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன். முன் பெஞ்சில் ஒருவன் உண்டு, நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், ஃபேனைவிட ஒழுங்காக ஆட்டுவான். அவன் எழுந்தான்.

“மேல் மாடிலதான் சார் வேகமா வரும். தொட்டி பக்கத்துலயே இருக்கே.”

தப்பு. முழுத் தப்பு. எனக்கு மிட்டாய் தொண்டையில் சிக்கியது. நான் இருமிக்கொண்டிருந்த நேரத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல். ‘ராட்சசி’ என்று கூட்டாளிகள் கூப்பிடும் பெண். இரண்டு வருடத்தில் அவள் குரலை அட்டெண்டன்ஸுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

“டேய், நீ எந்த மாடில குளிக்கிற?”

“மூணாவது.”

“அங்க தண்ணி எப்படி வருது?”

“நூல் மாதிரி வருது.”

“அப்புறம் எந்த வாயால வேகமா வரும்ங்கிற?”

அவ்வளவுதான், வகுப்பு பிய்த்துக்கொண்டது. ஒருவன் உயரம் என்கிறான், ஒருத்தி உராய்வு என்கிறாள், ஒருவன் இதெல்லாம் பிளம்பரின் சதி என்கிறான். மிட்டாய் கரைந்துவிட்டது. நான் இரண்டாவதைப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ராட்சசியே சொன்னாள்: “சார், எதுக்கு அடிச்சுக்கணும்? போய் அளந்து பார்த்துடலாமே.”

இந்த வாரம் போனோம். எங்கள் துறைக் கட்டடமே மூன்று மாடிதான். மாடிக்கு ஒரு வாளி, கழிப்பறைக் குழாயடியில். செல்போனில் நேரம். வாளி நிறைய எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். கீழ்த்தளம் ஜம்மென்று நிறைந்தது. உச்சி மாடி அழுது வடிந்தது. இரண்டாவது மாடி நடுவில் இருக்க வேண்டும் அல்லவா? அது உச்சி மாடியைவிட மோசம்! கணக்கு ஒத்துவரவில்லை. எனக்கே தெரியவில்லை. ஒரு வாத்தியாருக்கே பதில் தெரியவில்லை என்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது மாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனார்கள். சுவரோரம் ஒரு வால்வு. பாதி மூடியிருந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு கிளைக் குழாய் பிரிந்து அடுத்த அறைக்குப் போகிறது. அடுத்த அறை யாருடையது? புள்ளிவிவரத்தின் அறை. அவருடைய வாஷ்பேசின்.

அந்த நேரம் பார்த்து அவரே கதவைத் திறந்து வெளியே வந்தார். கழிப்பறை வாசலில் நாற்பது பிள்ளைகள், வாளி, ஈரத் தரை, நடுவில் கன்னம் உப்பிய நான்.

“என்ன சார் நடக்குது இங்க?”

எனக்கு வாயில் மிட்டாய். ராட்சசி முந்திக்கொண்டாள்.

“சார், உங்க ரூம்ல தண்ணி நல்லா வருதா சார்?”

“பிரமாதமா வருது. ஏன்?”

“எங்களுக்கு வரல சார். அதான் ஏன்னு பாத்துட்டிருக்கோம்.”

அவர் வால்வைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். தலையாட்டிகூட ஆட்டாமல் நின்றான். “என் ரூமுக்கு வாங்க” என்றார் என்னிடம்.

போனேன். “கிளாஸ் எடுக்கச் சொன்னா டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. உங்களுக்கு இந்தப் பாடம் வேணுமா, வேண்டாமா?” என்றார். பழைய நான் என்றால் ‘சாரி சார்’ சொல்லிவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூமில் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்றைக்கு மட்டும் என்னவோ, “வேணும் சார். வேணும்னுதான் கூட்டிட்டுப் போனேன். அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போவேன்” என்று சொல்லிவிட்டேன்.

பருவக் கடைசியில் அவரே வகுப்பில் வந்து உட்காரப் போகிறாராம். பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். பரீட்சை மார்க்கும் பார்ப்பாராம்.

பயமாக இருக்கிறது. ஆனால் இதை விடப் போவதில்லை.

அண்ணன்

செப்டம்பர் 20

அண்ணா,

கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன். ஆபரேட்டரம்மாவின் அண்ணனுக்குக் கை தட்டினார்கள். உனக்கு முதல் தடவையாக விளக்கு எரியும்போதே கைதட்டல் கிடைத்திருக்கிறது.

வால்வைத் திறக்கப் போகாதே. அளந்ததோடு நிறுத்து. அது உங்கள் புள்ளிவிவரம் திறக்க வேண்டியது.

அவர் வந்து உட்காரும் நாளில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று லெக்சர் அடித்துவிடாதே. அதுதான் எனக்குப் பயம். மற்றதெல்லாம் உனக்கு வரும்.

உன் யோசனையை நானும் திருடிக்கொண்டேன். வீடியோவைச் சுருக்கிவிட்டு, கேள்வியைக் கொஞ்சம் விஷமமாகப் போடுகிறேன். வராந்தாவில் கதை கேட்பது குறைந்திருக்கிறது, சண்டை கூடியிருக்கிறது.

அடுத்த கடிதத்தில் பயமாக இருக்கிறது என்று எழுதினால் போன் செய்வேன். எடுக்க வேண்டும்.

தங்கை

நவம்பர் 16

ஆபரேட்டரம்மாவுக்கு ஆபரேட்டர் எழுதுவது,

ஜெயித்துவிட்டேன்! உட்கார்ந்து வாசி.

அவர் வந்தார். கடைசிப் பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். நான் மிட்டாயோடு உள்ளே போய்க் கேள்வியை எழுதினேன்: ‘இரண்டாவது மாடி வால்வை முழுக்கத் திறந்தால் அடுத்த அறையின் வாஷ்பேசினில் தண்ணீர் எவ்வளவு குறையும்?’ எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் பார்த்ததில்லை. பேசு பேசு என்று நாக்கு உள்ளே கிடந்து துடிக்கிறது. மிட்டாயைக் கடித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேசவில்லை.

கடைசிப் பெஞ்சுக் குழுவில் ஆள் குறைவு. ராட்சசி திரும்பி, “சார், சும்மாதானே இருக்கீங்க, இந்தப் பக்கம் கணக்க நீங்க போடுங்க” என்றாள். துறைத் தலைவரைப் பார்த்து! எனக்கு உயிரே போயிற்று. அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார். போட்டார். தப்பாகப் போட்டார். தலையாட்டி இருக்கிறானே, அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இல்ல சார், வளைவுல போற இழப்ப விட்டுட்டீங்க” என்றான். இல்லை என்று அவன் தலையை ஆட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

மணியடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்கப்பா. இத முடிச்சிட்டுப் போயிடலாம்.”

முடித்தார். அப்படி ஒன்றும் பெரிதாகக் குறையாது என்று விடை வந்தது. மறுநாள் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. யார் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று மார்க் வந்தது. என் பாடத்தில் இவ்வளவு பேர் தேறியது இதுவரை கிடையாது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “கம்பெனிக்கு உங்க பாடம் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்களே நடத்துங்க. வாளிக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கங்க, டிபார்ட்மெண்ட்ல எண்ணிக்கை குறையுது” என்றார். பெஞ்சில் நம்பர் ஒட்ட வேறு ஆள் பார்க்கிறார்கள்.

எல்லாம் அந்த வீடியோவினால் வந்தது. இப்போது சொல்கிறேன், மேடை போட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்: நான் அன்றைக்குச் சொன்னது மடத்தனம். பிள்ளைகள் வீட்டில் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வந்ததனால்தான் வகுப்பில் இப்படி வாய் திறந்தார்கள். அந்த எட்டு நிமிடத்துக்கு அவ்வளவு சக்தி. உன் பிரின்ஸிபாலிடம் இதைக் காட்டு. பருவம் முழுக்க எடுத்த வீடியோக்களின் லிங்க் எல்லாவற்றையும் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை நீ பார்த்தே ஆக வேண்டும். உன் அண்ணி பிடித்த காமிரா, கொஞ்சம் சாய்ந்திருக்கும், கழுத்தைச் சாய்த்துக்கொள்.

ஆபரேட்டர் அண்ணன்

நவம்பர் 24

அண்ணா,

மூன்று தடவை வாசித்தேன். அழவில்லை, ஜலதோஷம்.

பிரின்ஸிபாலையும் ஸ்டாஃப் எல்லோரையும் உட்கார வைத்து, புரொஜெக்டரில் உன் வீடியோவைப் போட்டேன். திறக்கவில்லை. அடுத்ததைப் போட்டேன். அதுவும் இல்லை. ஒன்றுகூடத் திறக்கவில்லை. ‘பதிவேற்றியவர் மட்டுமே பார்க்க முடியும்’ என்று வருகிறது. ஏற்றும்போது யார் யார் பார்க்கலாம் என்று கேட்டிருக்குமே, அதில் என்ன அழுத்தினாய்?

எனக்கு மட்டும் இப்படியா, எல்லோருக்குமா என்று உன் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்.

தங்கை

டிசம்பர் 1

தங்கைக்கு,

ராட்சசியை வராந்தாவில் பிடித்துக் கேட்டேன்.

“எங்களுக்கும் அப்படித்தான் சார் வந்துச்சு, முதல் நாள்ல இருந்தே. வீடியோ ஒண்ணுகூடத் திறக்கல. கீழ நீங்க போட்ட கேள்வி மட்டும் தெரிஞ்சுது. அதான் சார் புது முறைன்னு நினைச்சோம்.”

அண்ணன்